காட்டு ஹாலிஹாக்: விதையை எழுப்புவதிலிருந்து பூப்பது வரை

காட்டு ஹாலிஹாக் என்ற பூச்செடியின் விதையை வாங்கி, மண்ணில் தூவி, தண்ணீர் ஊற்றி, வாரக்கணக்கில் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, 'மட்டமான விதை' என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் விதையில் ஒரு குறையும் இருக்காது. அதன் ஓடு தண்ணீரை உள்ளே விடாத ஓடு. காட்டில் பெரும்பாலும் தீயின் சூடு பட்டுத்தான் அது திறக்கிறது. இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதல் வருடம் ஒழுங்காகத் தண்ணீர் விடுவதும், அதன்பிறகு செடியை அதன் போக்கில் விடுவதும்தான் மீதிப் பாதி.

தோட்ட வேலைக்குப் புதியவர்களை மனதில் வைத்து, விதை வாங்குவதிலிருந்து அடுத்த தலைமுறைக்கு விதை எடுத்து வைப்பது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம்?

'காட்டு ஹாலிஹாக்' என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் விற்பனைக்கு வருகின்றன. இங்கே நான் சொல்வது இலியாம்னா ரிவுலாரிஸ் என்ற இனத்தை. வட அமெரிக்காவின் மேற்கு மலைகள்தான் இதற்குச் சொந்த ஊர். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, அமெரிக்காவில் வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, மொன்டானா, வயோமிங், யூட்டா, நெவாடா, கொலராடோ என்று பரவிக் கிடக்கிறது. ஓடைக்கரைகள், ஈரம் தங்கும் மலைச்சரிவுகள், சாலை வெட்டிய ஓரங்கள், சமீபத்தில் தீப்பிடித்து எரிந்த காடுகள் ஆகிய இடங்களில் இதைப் பார்க்கலாம். மண் கிளறப்பட்டு வெயில் நேராகத் தரையில் விழும் இடம்தான் இதற்குப் பிடித்தமானது. கொலம்பியா ஆற்றுப் பகுதிகளில் 1820-களில் அலைந்து திரிந்த ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் டக்ளஸ் இதற்கு முதலில் பெயர் வைத்தார். எட்வர்ட் லீ கிரீன் 1906-ல் இதை இலியாம்னா என்ற தனிப் பேரினத்தில் சேர்த்தார்.

செம்பருத்தி, பருத்தி, வெண்டை, பூவரசு, துத்தி எல்லாம் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம்தான் இதுவும். அதனால் நமக்கு இந்தப் பூ முற்றிலும் புதியதாகத் தோன்றாது. ஐந்து இதழ்கள், நடுவில் மகரந்தக் கேசரங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் ஒரு தூண். வெண்டைப் பூவில் பார்க்கும் அதே அமைப்பு. காய்கூடத் துத்திக் காயைப் போலத்தான், சிறு சிறு அறைகள் வட்டமாக அடுக்கிய மாதிரி இருக்கும்.

செடி ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் உயரம் வரை போகும். அடியிலிருந்து பல தண்டுகள் ஒன்றாகக் கிளம்பும். இலை மேப்பிள் இலையை ஒத்தது. மூன்று முதல் ஏழு மடல்கள், ஓரத்தில் மழுங்கிய பற்கள். பூவின் அகலம் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர். நிறம் இளஞ்சிவப்பிலிருந்து வெளிறிய ஊதா வரை மாறும், சில செடிகளில் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை, தண்டின் கீழிருந்து மேலாகச் சில சில பூக்களாக விரிந்துகொண்டே போகும். ஒரே நாளில் மொத்தமாகப் பூத்துக் கொட்டிவிடாது என்பதால் வாரக்கணக்கில் தோட்டத்தில் நிறம் இருக்கும்.

வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகப் பார்க்கும் ஹாலிஹாக் வேறு செடி. அதன் அறிவியல் பெயர் அல்சியா ரோசியா. இரண்டையும் பிரித்தறியப் பூவைத் திருப்பிப் பாருங்கள். புல்லிவட்டத்துக்கு (பூவின் அடியில் இருக்கும் பச்சை உறை) வெளியே, அதைத் தாங்குவது போல இன்னொரு பச்சை அடுக்கு இருக்கும். சாதாரண ஹாலிஹாக்கில் இது ஆறு முதல் ஒன்பது மடல்களாக, அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். காட்டு ஹாலிஹாக்கில் ஒடுங்கிய மூன்று துண்டுகள் தனித்தனியாக நிற்கும். காய் முற்றியபின் இன்னொரு அடையாளமும் கிடைக்கும். சாதாரண ஹாலிஹாக்கில் காயின் ஒவ்வோர் அறையிலும் ஒரே ஒரு தட்டையான விதைதான். காட்டு ஹாலிஹாக்கில் ஓர் அறையிலேயே இரண்டு மூன்று விதைகள் கிடைக்கும். விதைப் பொட்டலத்தில் எந்தப் படம் போட்டிருந்தாலும் சரி, இந்த இரண்டையும் வைத்து வாங்கியது எது என்று உறுதி செய்துகொள்ளலாம்.

உங்கள் தோட்டத்துக்கு இது ஒத்துவருமா?

வாங்கும் முன் யோசிக்க வேண்டிய கேள்வி இது. உறைபனி விழும் குளிர்காலம் உள்ள இடத்தில் பிறந்த செடி இது. மேல்பகுதி முழுக்கக் காய்ந்துபோய், அடித்தூர் மட்டும் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். மொன்டானா, ஆல்பர்ட்டா மாதிரி இடங்களின் குளிரையே தாங்குவதால் குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம். இராத்திரியிலும் புழுக்கம் குறையாத, குளிர்காலமே இல்லாத இடத்தில் வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் இதே குடும்பத்தில் அங்கேயே வளரக்கூடிய அழகான செடிகள் உண்டு.

அடுத்தது வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். பிற்பகல் நிழல் கொஞ்சம் விழுந்தால் பரவாயில்லை, கோடை கடுமையான இடத்தில் அது நல்லதும்கூட. நாள் முழுக்க நிழல் என்றால் தண்டு நீண்டு, மெலிந்து, சாய்ந்துவிடும்.

மூன்றாவது, இடம். முழுதாக வளர்ந்த செடி ஒரு மீட்டர் அகலத்தை எடுத்துக்கொள்ளும். சின்னப் பூப்படுகையின் முன்வரிசையில் வைத்தால் பின்னால் இருக்கும் எதுவும் தெரியாது. வேலியோரம், படுகையின் பின்வரிசை, மழைநீர் வடிந்து போகும் தாழ்வான ஓரம் ஆகியவைதான் சரியான இடங்கள்.

விதை எங்கே வாங்குவது?

அந்தந்தப் பகுதியின் சொந்தத் தாவரங்களை மட்டும் வளர்த்து விற்கும் நாற்றுப்பண்ணைகளிலும் விதை நிறுவனங்களிலும் கேளுங்கள். அறிவியல் பெயரைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் வராது. முடிந்தால் உங்கள் ஊருக்குப் பக்கத்து மலைகளிலிருந்து வந்த வம்சத்து விதையையே வாங்குங்கள். அங்கத்திய குளிருக்கும் மழைக்கும் பழகிய செடி கிடைக்கும்.

மலையேறப் போன இடத்தில் முற்றிய காய் கண்ணில் பட்டால் கை தானாக நீளும். ஆனால் தேசியப் பூங்காக்களுக்குள் விதையோ செடியோ எடுப்பது அமெரிக்காவிலும் சரி, கனடாவிலும் சரி, சட்டப்படி குற்றம். மற்றப் பொது நிலங்களிலும் அங்கங்கே தனி விதிகள் உண்டு. கேட்காமல் எடுக்க வேண்டாம். தோண்டி எடுத்து வரும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். ஆழமாக இறங்கிய ஆணிவேர் அறுந்து, கொண்டுவந்த செடியும் பிழைக்காது, காட்டிலும் ஒன்று குறைந்துவிடும்.

விதை ஏன் உறங்குகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். காரணம் புரிந்தால் விதைநேர்த்தியை, அதாவது விதைக்கும் முன் விதையைத் தயார் செய்வதை, கைநடுக்கம் இல்லாமல் செய்வீர்கள்.

காட்டில் தீ பரவி மரங்கள் எரிந்து போன அடுத்த வசந்தத்தில், கருகிய தரையில் இந்தச் செடி கூட்டமாக முளைக்கும். நன்றாக வெயில் கிடைக்கும் சில வருடங்களுக்குச் செழித்துப் பூத்து, நிறைய விதை கொட்டும். அப்புறம் புதர்களும் மரங்களும் வளர்ந்து நிழல் கட்டியதும் மெல்லக் குறைந்து மறைந்துவிடும். கொட்டிய விதைகள் மட்டும் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அடுத்த தீ வந்து மண் சூடேறும்போது ஓட்டின் ஒரு முனையில் மூடி போல அடைத்திருக்கும் சிறு இடம் விட்டுக்கொடுக்கும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், விதை முளைக்கும். மேலே நிழல் இல்லை, போட்டி இல்லை, வெயில் இருக்கிறது என்பதற்குத் தீயின் சூட்டைவிட நம்பகமான அடையாளம் விதைக்கு வேறு எது?

இது எவ்வளவு நிஜம் என்பதை இதன் நெருங்கிய சொந்தங்கள் இரண்டின் கதை காட்டுகிறது. அமெரிக்காவின் விர்ஜினியா மாநிலத்தில் பீட்டர்ஸ் மலையில் மட்டும் வளர்வது இலியாம்னா கோரை. 1927-ல் கண்டுபிடிக்கப்பட்டபோது அங்கே சுமார் 50 செடிகள் இருந்தன. 1986-ல் அருகிவரும் இனமாக அதை அறிவித்தபோது விரல்விட்டு எண்ணக்கூடிய செடிகளே மிஞ்சியிருந்தன. காட்டுத்தீயை மனிதர்கள் தொடர்ந்து அணைத்து வந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1990-களில் கட்டுப்பாட்டோடு அந்த இடத்தில் தீ வைத்தபோது, மண்ணுக்குள் கிடந்த விதைகளிலிருந்து புதிய நாற்றுகள் கிளம்பின.

இன்னொன்று இலினாய் மாநிலத்தின் கங்ககீ ஆற்றில் இருக்கும் லாங்கம் தீவுச் செடி, இலியாம்னா ரெமோட்டா. 1872-ல் அங்கே கண்டறியப்பட்டது. 2014-ல் ஆர்வலர்கள் போய்த் தேடியபோது தீவில் ஒரு செடிகூட இல்லை. எங்கு பார்த்தாலும் அந்நியப் புதர்கள். அவற்றை வெட்டி, அங்கேயே குவித்து எரித்தார்கள். அடுத்த வருடமே, எரித்த இடங்களில் நாற்றுகள் தலைகாட்டின. செடியே இல்லை என்று கைவிடப்படவிருந்த இடத்தில் விதை மட்டும் மண்ணுக்கடியில் காத்துக் கிடந்திருக்கிறது. இதைப் படித்த பிறகு எனக்கு முளைக்காத விதை எதையும் உடனே தூக்கிப் போட மனம் வருவதில்லை.

நம் தோட்டத்தில் தீ எல்லாம் வேண்டாம். குப்பையைக் கூட்டிக் கொளுத்திப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் வறண்ட மேற்கு மாநிலங்களில் கோடையில் ஒரு பொறி போதும், ஊரே எரிந்துவிடும். அடுப்படியில் இருக்கும் வெந்நீரே இந்த வேலையைச் செய்துவிடும்.

விதைநேர்த்தி, படிப்படியாக

வசந்தத்தில் கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு இதைச் செய்வது வசதி. நாற்று தயாராகும்போது வெளியில் குளிரும் குறைந்திருக்கும்.

1. வாங்கிய விதை எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட வேண்டாம். பாதியை எடுத்து வைத்துக்கொண்டு மீதியில் ஆரம்பியுங்கள். ஏதாவது தவறினால் இன்னொரு முறை பார்க்கலாம்.

2. ஒரு தம்ளர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். அடுப்பை அணைத்து, தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, குமிழ் அடங்கியதும் விதைகளை அதில் போடுங்கள். அடுப்பு எரியும்போதே போட்டுக் கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும்.

3. அப்படியே ஆறவிட்டு, ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றலாம்.

4. மறுநாள் விதைகளை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். இரண்டு விதமான விதைகள் தெரியும். சில கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உப்பி, நிறம் கொஞ்சம் வெளுத்து, நகத்தால் தொட்டால் அழுந்தும். மற்றவை நேற்று இருந்த மாதிரியே சின்னதாக, அடர்ந்த நிறத்தில், கல்லாட்டம் இருக்கும். உப்பியவை விழித்துக்கொண்ட விதைகள். கல்லாக இருப்பவற்றின் ஓடு இன்னும் திறக்கவில்லை.

5. உப்பியவற்றைத் தனியே எடுத்து அன்றைக்கே விதையுங்கள். ஈரம் குடித்த விதையை மறுபடி காயவிடக் கூடாது. விட்டால் உள்ளே இருக்கும் முளை செத்துவிடும். கல்லாக இருப்பவற்றை இன்னொரு முறை வெந்நீரில் போடலாம். அதற்கும் அசையாதவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஊறவையுங்கள்.

உப்புத்தாள் முறையையே முதலிலிருந்து பயன்படுத்துபவர்களும் உண்டு. விதை சிறியது என்பதால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பது பொறுமையைச் சோதிக்கும். ஒரு மடித்த உப்புத்தாளுக்கு நடுவே விதைகளைப் போட்டு மெல்ல உருட்டினால் போதும். பளபளப்பு மங்கும் வரை தேய்த்தால் சரி, உள்ளே வெள்ளை தெரிந்தால் கூடுதலாகப் போய்விட்டது. என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு வெந்நீர்தான் நல்லது. பலன் மறுநாளே தட்டில் தெரிந்துவிடும், சந்தேகத்தோடு காத்திருக்க வேண்டாம்.

விதைப்பதும் நாற்று வளர்ப்பதும்

இந்தச் செடி ஆணிவேரை வேகமாகக் கீழே இறக்கும். அதனால் அகலமான ஆழமில்லாத தட்டு இதற்கு ஒத்துவராது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டராவது ஆழம் உள்ள குறுகிய தொட்டிகள் வேண்டும். அடியில் ஓட்டை கட்டாயம்.

மண்கலவை தண்ணீர் தேங்காததாக இருக்க வேண்டும். சாதாரண நாற்றுக் கலவையில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட்டோ (எடை குறைந்த வெண்ணிறக் கல் துகள்) கரடுமுரடான மணலோ சேர்த்தால் போதும். உரம் இப்போது வேண்டாம். ஒரு தொட்டிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, லேசாக மண்ணை அமுக்கி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். அறைச் சூடு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைவிட ஆரம்பிக்கும். எல்லாம் ஒரே நாளில் வராது.

முதலில் வரும் இரண்டு வித்திலைகள் இதய வடிவில் இருக்கும். அடுத்து வருவதுதான் மடலோடு கூடிய உண்மையான இலை. முளை வெளியே வந்ததிலிருந்து வெளிச்சம் நிறைய வேண்டும். சன்னலோர வெளிச்சம் போதாமல் நாற்று நெட்டையாகச் சாய்ந்தால் விளக்கு வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இந்தப் பருவத்தில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் அதிகத் தண்ணீர். மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து, நூலாக மெலிந்து, நாற்று மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். வந்தபின் மருந்து தேட நேரம் இருக்காது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுவது, காற்றோட்டம் வைப்பது, இந்த இரண்டும் அதை வரவிடாமல் தடுக்கும்.

ஒரு தொட்டியில் இரண்டும் முளைத்துவிட்டால் ஒன்றைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் சேர்ந்து வந்துவிடும்.

நேரடியாகத் தோட்டத்தில் விதைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: விதைக்கலாம். நேர்த்தி செய்த விதையை வசந்தத்தில், களையெடுத்துக் கிளறிய மண்ணில் போடுங்கள். நத்தையும் பறவையும் எடுத்துக்கொள்வது போக மிஞ்சுவது உங்களுக்கு.

நடவு

மூன்று நான்கு உண்மை இலைகள் வந்ததும், வேர் தொட்டியின் அடியில் சுருள ஆரம்பிக்கும் முன்பே நட்டுவிட வேண்டும். இதில் தாமதிக்காதீர்கள். பெரிய செடியாக வளர்த்து நடலாம் என்று காத்திருந்தால், சுருண்ட ஆணிவேர் பிறகு நேராகவே ஆகாது. அப்படிப்பட்ட செடி கோடையில் எளிதில் வாடும்.

நடும் முன் ஒரு வாரம் நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் சில மணி நேரம், பிறகு மெல்ல மெல்ல வெயில். குழி தொட்டியைவிட இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும். களிமண்ணாக இருந்தால் குழியில் மட்டும் நல்ல மண்ணைப் போட்டு நிரப்புவதில் பயனில்லை, மழைக்காலத்தில் அது தண்ணீர் தேங்கும் குட்டையாகிவிடும். அதற்குப் பதில் அந்தப் பகுதியையே கொஞ்சம் மேடாக்கி, சரளையும் மட்கிய உரமும் கலந்து நடுங்கள். செடிக்குச் செடி 60 முதல் 90 சென்டிமீட்டர் இடைவெளி. நாற்று சின்னதாக இருக்கும்போது இது அநியாயமாகத் தெரியும். அடுத்த வருடம் காரணம் புரியும்.

தொட்டியிலிருந்து எடுக்கும்போது மண்கட்டி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள். நட்டதும் வேர் வரை நனையும்படி தண்ணீர் ஊற்றுங்கள்.

முதல் வருடமும் இரண்டாம் வருடமும்

முதல் வருடம் பூவை எதிர்பார்க்க வேண்டாம். தரையோடு ஒட்டி இலைகள் மட்டும் வட்டமாக விரியும். மேலே ஒன்றும் நடக்காத மாதிரி தெரிந்தாலும் கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும். இந்தக் கோடையில்தான் தண்ணீர் முக்கியம். மழை இல்லாத வாரங்களில் இரண்டு முறை, தூரில், மெதுவாக, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

இரண்டாம் வருடம் தண்டுகள் கிளம்பும், பூக்கும். வேர் பிடித்த செடிக்கு வறண்ட காலத்தில் வாரம் ஒரு முறை போதும். இது ஓடைக்கரைச் செடி என்பதை மறந்துவிடாதீர்கள். வறட்சியைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் காய்ந்த மண்ணில் அடி இலைகள் சீக்கிரம் பழுத்து, பூ சீக்கிரம் நின்றுவிடும். ஈரம் இருக்க வேண்டும், தேங்கக் கூடாது.

உர விஷயத்தில் கையை இறுக்கிப் பிடியுங்கள். வசந்தத்தில் தூரைச் சுற்றி ஒரு கைப்பிடி மட்கு உரம், அவ்வளவே. தழைச்சத்து மிகுந்த உரம் கொடுத்தால் இலை தளதளவென்று வரும், தண்டு வலுவில்லாமல் காற்றுக்குச் சாயும். நல்ல வெயிலில், மெலிந்த மண்ணில் வளர்ந்த செடிக்கு முட்டுக்கொடுக்க வேண்டியே வராது. காற்று வீசும் இடமென்றால் மட்டும் தண்டு முழங்கால் உயரம் வந்ததும் மூன்று குச்சி நட்டு ஒரு கயிறு சுற்றிவிடுங்கள்.

சருகு மூடாக்கு நல்லது, ஆனால் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈரச் சருகு தூரை ஒட்டிக் கிடந்தால் குளிர்காலத்தில் அழுகும்.

பூக்கும் காலத்தில் வரும் விருந்தாளிகளைக் கவனியுங்கள். மேற்கு அமெரிக்காவில் டையடாசியா என்ற காட்டுத் தேனீ வகை உண்டு. அவற்றில் பல இனங்கள் இந்தக் குடும்பத்துப் பூக்களின் மகரந்தத்தையே நம்பி வாழ்பவை. தேன்சிட்டைப் போலச் சிறகடித்து நிற்கும் ஹம்மிங் பறவைகளும் வரும். இலையைச் சுருட்டி உள்ளே ஒரு முள்ளுடம்புப் புழு இருந்தால் அது பெரும்பாலும் வெஸ்ட் கோஸ்ட் லேடி என்ற பட்டாம்பூச்சியின் புழு. சில இலைகளைத் தின்றுவிட்டுப் போகும், செடிக்கு ஒன்றும் ஆகாது. பூச்சிமருந்து அடித்துவிடாதீர்கள். இந்தச் செடியை நான் விரும்பிச் சொல்வதற்கே பெரிய காரணம் இந்தப் பூச்சிகள்தான்.

துரு நோய்

ஹாலிஹாக் குடும்பத்துக்கே பொதுவான தொல்லை இது. இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், மேல்பக்கம் அதே இடத்தில் மஞ்சள் புள்ளி. முதலில் அடி இலைகளில் தொடங்கி மேலே ஏறும். இதில் பேர்போனது பக்சினியா மால்வசியாரம் என்ற பூஞ்சை. தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி 1869 வாக்கில் ஐரோப்பாவை எட்டி, அங்கிருந்த ஹாலிஹாக் தோட்டங்களைப் படுத்தி எடுத்தது. காட்டு இனமென்பதால் துரு வராது என்று நம்பிவிட வேண்டாம்.

தடுப்பது கஷ்டமில்லை. தண்ணீரை இலைமேல் படாமல் தூரில் விடுங்கள், அதுவும் காலையில். செடிகளுக்கு நடுவே காற்று போகட்டும். கொப்புளம் கண்ட இலையை உடனே கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மட்கு உரக் குழியில் போடக் கூடாது. தோட்டத்தில் தானாக முளைக்கும் மாலோ களைகள் (இதே குடும்பத்துக் களைகள்) துருவுக்கு இருப்பிடம், அவற்றை விட்டுவைக்காதீர்கள். சாதாரண ஹாலிஹாக் ஏற்கெனவே துருப்பிடித்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதை நடுவதும் நல்லதல்ல. இவ்வளவு செய்தும் கோடை முடிவில் அடி இலைகளில் கொஞ்சம் வந்தால் கலங்க வேண்டாம். பூத்து முடிந்த செடிக்கு அது பெரிய சேதமில்லை.

மற்றவை சுருக்கமாக: இளம் நாற்றை நத்தை தின்னும், இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். வறண்ட வெயிலில் இலை வெளிறி மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி, இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் குறையும். இதைக் காலையில் செய்தால்தான் இலை சீக்கிரம் காய்ந்து துருவுக்கு இடம் கொடுக்காது. மான் நடமாட்டம் உள்ள இடத்தில் முதல் வருடம் கம்பிவலை கட்டாயம்.

குளிர்காலம்

கடும் உறைபனி விழுந்து தண்டு காய்ந்ததும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். துருப் பூஞ்சை அவற்றில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். தூரைத் தோண்டவோ பிரித்து நடவோ வேண்டாம். கட்டை போல இறுகிய அடித்தூரும் ஆணிவேரும் பிரித்தால் பிழைப்பது அரிது.

இது பல்லாண்டுச் செடிதான், ஆனால் நெடுநாள் நிற்கும் செடியல்ல. சில வருடம் நன்றாகப் பூத்துவிட்டு ஒரு வசந்தத்தில் துளிர்க்காமலே போகலாம். உங்கள் பராமரிப்பில் தவறு என்று எண்ண வேண்டாம், அதன் இயல்பு அப்படி. அதனால் இரண்டாம் வருடத்திலிருந்தே விதை எடுத்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு நாற்று தயார் செய்துகொண்டே இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். கீழே கொட்டும் விதைகள் தோட்ட மண்ணில் கல்லாகவே கிடக்கும், எப்போதாவது ஒன்றிரண்டு மட்டும் தானாக முளைக்கும்.

விதை எடுப்பது

பூ உதிர்ந்தபின் காய் பச்சையிலிருந்து பழுப்பாகி, அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று லேசாகப் பிளக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். ஒரு தண்டிலேயே மேலே பூவும் நடுவில் பச்சைக் காயும் கீழே முற்றிய காயும் இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை போய் முற்றியதை மட்டும் எடுங்கள்.

வெறுங்கையால் தொடாதீர்கள். காயின் முதுகில் வரிசையாக நிற்கும் விறைத்த மயிர்கள் கண்ணுக்குச் சாதுவாகத் தெரியும். தொட்டால் விரல் நுனியில் ஒடிந்து தங்கி நாள் முழுக்க அரிக்கும். தோலுறை அல்லது தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறையில் மயிர் சிக்கிக்கொண்டு அடுத்த முறை போடும்போதும் குத்தும். காயை உதிர்த்து விதையைப் பிரிக்கும் வேலையை வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுச் செய்யுங்கள். காகிதப் பையில் காய்களைப் போட்டு நன்றாகக் காயவிட்டு, பையோடு சேர்த்துக் கட்டையால் தட்டினால் விதை கழன்று அடியில் தங்கும். பிறகு ஒரு சல்லடையில் சலித்தால் போதும்.

ஓட்டை போட்ட விதைகள் நிறைய வரும், சின்ன வண்டுகள் காய்க்குள்ளேயே தின்றவை. அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, முழு விதைகளைக் காகித உறையில் போட்டு, பெயரும் வருடமும் எழுதி, ஈரமில்லாத குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். ஓடு மூடியிருக்கும் வரை அந்த விதை வருடக்கணக்கில் கெடாது. வெந்நீரை விதைக்கப்போவதற்கு முந்தைய நாள் மட்டும் காட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம்.